ஆற்காட்டுக்கு இளவரசர் இருக்கிறார், தஞ்சாவூருக்கு ராஜா ஏன் இல்லை?

நண்பர் ஒருவர் கேட்டது இது. 1855 அக்டோபர் 7-ஆம் தேதி ஆற்காடு நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையில்லாமல் இறந்தார். அதே மாதம் 29-ஆம் தேதி தஞ்சாவூர் ராஜா இரண்டாம் சிவாஜி மகன் இல்லாமல் இறந்தார். இரண்டு பட்டங்களும் ஒழிந்தன என்று கிழக்கிந்தியக் கம்பெனி அறிவித்துவிட்டது. அப்படியானால் சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் இன்றைக்கும் ‘ஆற்காடு இளவரசர்’ என்று ஒருவர் அரசு அங்கீகாரத்தோடு இருப்பது எப்படி? தஞ்சாவூருக்கு மட்டும் அந்தச் சலுகை ஏன் இல்லை?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்காடு நவாப் பட்டம் திரும்பி வரவே இல்லை. அது 1855-இல் போனது போனதுதான். இப்போது இருப்பது, பன்னிரண்டு வருஷம் கழித்து 1867-இல் விக்டோரியா அரசி புதிதாக உண்டாக்கிக் கொடுத்த வேறொரு பட்டம். குடும்பம் ஒன்று, பட்டம் இரண்டு. இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பட்டம் என்பது ரத்தத்தில் ஓடுகிற ஒன்று என்று நாம் நினைக்கிறோம். அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளை இல்லாவிட்டால் தம்பி, அவரும் இல்லாவிட்டால் தத்து. நிலத்துக்கு இது சரி. பட்டத்துக்கு இது பாதிதான் உண்மை. கொடுத்தவர் எழுதிக் கொடுத்த காகிதத்தில் என்ன வாசகம் இருக்கிறது என்பதுதான் அங்கே பேசும். காகிதத்தில் வாசகம் இல்லாவிட்டால், செத்த பிறகு கொடுத்தவர் உட்கார்ந்து எழுதுவதுதான் வாசகம்.

ஆற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வாலாஜா சாலையும் வாலாஜா பள்ளிவாசலும் யார் பெயரைத் தாங்கியிருக்கின்றனவோ, அந்த முகமது அலி வாலாஜா 1795-இல் இறந்தார். அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்தார். அந்த உம்தத்துல் உமராவுக்கு அலி உசேன் என்று மகன் இருந்தார். வாரிசுப் பஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் திப்பு தோற்ற பிறகு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் கிடைத்த கடிதங்களைக் காட்டி, நவாப் குடும்பம் திப்புவோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தது என்றது கம்பெனி. ஆட்சியை ஒப்படைத்துவிட்டு வெறும் பட்டத்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அலி உசேன் மறுத்தார். சரி, நீ வேண்டாம் என்று அவரை ஒதுக்கிவிட்டு, அவருடைய சித்தப்பா மகன் அசீம் உத் தௌலாவைக் கூப்பிட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார். 1801 ஜூலை 31-இல் ஒப்பந்தம். நவாப் ஆண்ட கர்நாடகத்தின் (இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) சிவில், ராணுவ நிர்வாகம் முழுக்கக் கம்பெனிக்கு; நவாபுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. அன்றிலிருந்து நவாப் என்றால் சேப்பாக்கம் அரண்மனை, பீரங்கி மரியாதை, பென்ஷன், அவ்வளவுதான்.

ஆக, மகன் இருக்கும்போதே பட்டம் வேறு கைக்குப் போன வரலாறு இந்தக் குடும்பத்துக்கு ஏற்கெனவே உண்டு. 1855-இல் நடந்ததை ஏதோ திடீர் அநியாயம் போல எழுதுகிறவர்கள் 1801-ஐ மறந்துவிடுகிறார்கள்.

அசீம் உத் தௌலாவுக்குப் பின் மூத்த மகன் ஆசம் ஜா, அவருக்குப் பின் குலாம் கௌஸ் கான். 1825-இல் பட்டத்துக்கு வந்தபோது கௌஸ் கான் ஒரு வயதுக் குழந்தை. அதனால் 1842 வரை அவருடைய சித்தப்பா அசீம் ஜா பொறுப்பாளராக இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். 1855-இல் கௌஸ் கான் இறந்தபோது இந்தச் சித்தப்பா உயிரோடு இருந்தார். இஸ்லாமியச் சட்டப்படி பார்த்தாலும் சரி, வழக்கப்படி பார்த்தாலும் சரி, அடுத்தவர் அவர்தான். ‘எனக்குக் கொடுங்கள்’ என்று கேட்டார்.

கம்பெனி சொன்ன பதில் கவனிக்க வேண்டியது. 1801 ஒப்பந்தம் அசீம் உத் தௌலா என்ற ஒரு மனிதரோடு செய்தது. அதில் ‘வாரிசுகள்’ என்ற சொல்லே கிடையாது. அவருக்குப் பின்னால் மகனும் பேரனும் பட்டம் வைத்திருந்தது எங்கள் தயவால். அந்தத் தயவை இப்போது நிறுத்திக்கொள்கிறோம். இதுதான் வாதம். பள்ளிப் பாடத்தில் படித்த அவகாசியிலிக் கொள்கை இங்கே பொருந்தவே பொருந்தாது. அது தத்துப் பிள்ளையை மறுக்கிற கொள்கை. இங்கே யாரும் தத்து எடுக்கவில்லை. ரத்த உறவில் ஓர் ஆண் வந்து நின்றார், காகிதத்தைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினார்கள். சத்தாரா, ஜான்சி, நாக்பூர் பட்டியலில் ஆற்காட்டையும் சேர்த்துவிடுவது பரீட்சைக்கு வசதி, அவ்வளவுதான்.

பட்டம் போனதும் முதலில் ஓடிவந்தவர்கள் கடன்காரர்கள். நவாப் பட்டம் இருந்தவரை அவர்மேல் சுலபமாக வழக்குப் போட முடியாது. அது போனதும் கணக்கைத் தீர்க்க வேண்டியதாயிற்று. 1858-இல் இதற்கென்றே, மறைந்த நவாபின் சொத்துகளை நிர்வகித்துக் கடனை அடைக்க, ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். சேப்பாக்கம் அரண்மனை ஏலத்துக்கு வந்தது; அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்று கிரிக்கெட் மைதானத்துக்குப் பக்கத்தில் அரசு அலுவலகமாக நிற்கும் கட்டடம் அதுதான்.

அசீம் ஜா விடவில்லை. சென்னையில் கேட்டார், கல்கத்தாவில் கேட்டார், லண்டன் பாராளுமன்றம் வரை மனு போனது. 1857 கலகத்துக்குப் பிறகு காற்று வேறு பக்கம் அடித்தது. பழைய குடும்பங்களைத் துரத்தியது தப்போ என்ற யோசனை லண்டனில் வந்திருந்தது. கடைசியில் 1867-இல் சமரசம். நவாப் என்ற பெயரைக் கொடுக்கவில்லை, அது ஆட்சியை நினைவூட்டும். அதற்குப் பதில் ‘அமீர்-இ-ஆற்காடு’, ஆங்கிலத்தில் ‘பிரின்ஸ் ஆஃப் ஆற்காட்’. கூடவே பரம்பரைப் பென்ஷன். முக்கியமான விஷயம், இந்தத் தடவை வாரிசுக்குப் போகும் என்று காகிதத்திலேயே எழுதி வாங்கினார்கள். 1801-இல் இல்லாமல் போன அந்த ஒரு வார்த்தை 1867-இல் இருந்தது. பட்டம் இன்றுவரை இருப்பதற்குக் காரணம் அந்த வார்த்தைதான்.

அமீர் மகால் அப்புறம் வந்தது. 1798-இல் கட்டிய ஓர் அரசாங்கக் கட்டடத்தைக் கட்டடக் கலைஞர் சிஷோமை வைத்து மாளிகையாக மாற்றினார்கள். 1876-இல் குடும்பம் அங்கே குடிபோனது. ஆற்காடு இளவரசர் ஆற்காட்டில் இல்லை, ராயப்பேட்டையில் இருக்கிறார் என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்த நவாப்கள் 1760-களிலேயே சென்னைவாசிகளாகிவிட்டார்கள்.

இனி தஞ்சாவூர். இங்கே கதை இன்னும் கசப்பு.

இரண்டாம் சிவாஜியின் அப்பா, சரசுவதி மகால் நூலகத்தால் நமக்குத் தெரிந்த இரண்டாம் சரபோஜி, பெற்ற பிள்ளை அல்ல, தத்துப் பிள்ளை. 1787-இல் துளஜா ராஜா சாகும் தறுவாயில் தத்து எடுத்தார். உடனே துளஜாவின் தம்பி அமர்சிங், தத்து செல்லாது என்றார். பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டார்கள். செல்லாது என்று பதில் வந்தது. அமர்சிங் ராஜாவானார். சில வருஷம் போனது. பாதிரியார் சுவார்ட்ஸ் சரபோஜிக்காக எழுதியபடி இருந்தார். மறுபடி பண்டிதர்களைக் கேட்டார்கள். இந்தத் தடவை செல்லும் என்று பதில் வந்தது. 1798-இல் அமர்சிங்கை இறக்கிவிட்டு சரபோஜியை ஏற்றினார்கள். சாஸ்திரம் அதேதான், பதில்தான் மாறியது. ஏறிய மறு வருஷமே, 1799-இல், நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார் சரபோஜி. கோட்டையும் சுற்றுவட்டாரமும் பட்டமும் அவரிடம் மிஞ்சின.

அதாவது தத்து செல்லும் என்பதில் கம்பெனிக்கு லாபம் இருந்தபோது தத்து செல்லுபடியாயிற்று. 1855-இல் லாபம் வேறு பக்கம் இருந்தது.

சிவாஜிக்கு ராணிகள் பலர், மகன் இல்லை, இரண்டு மகள்கள். அப்போது தஞ்சாவூரில் ரெசிடென்டாக, அதாவது கம்பெனியின் பிரதிநிதியாக இருந்த ஃபோர்ப்ஸ், மகளுக்குப் பட்டம் கொடுக்கலாம் என்றுதான் பரிந்துரைத்தார். மேலிடம் ஏற்கவில்லை. பெண் வழியாகப் பட்டம் போகாது, ஆண் வாரிசு இல்லை, ஆகவே தஞ்சாவூர் ராஜா என்ற பட்டமே முடிந்தது என்று 1856-இல் முடிவு வந்தது. பரிந்துரை செய்த அதே ஃபோர்ப்ஸ்தான் அந்த வருஷம் அக்டோபர் 18-ஆம் தேதி சிப்பாய்களோடு அரண்மனைக்குள் நுழைந்தார். அறைகளுக்கு முத்திரை வைத்தார், வாசலில் காவல் போட்டார். ராஜ்யச் சொத்து எது, ராஜாவின் சொந்தச் சொத்து எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. நகை, பணம், பாத்திரம் பண்டம் எல்லாம் சேர்ந்து போயிற்று. பட்டம் முடிந்தது என்பது காகிதத்தில் ஒரு வரி. அந்தப்புரத்தில் இருந்த பெண்களுக்கு அது பெட்டியின் மேல் அரக்கு.

மூத்த ராணி காமாட்சி பாய் நேராக வழக்குக்குப் போனார். பட்டத்தைக் கேட்கவில்லை. கேட்டால் எந்தக் கோர்ட்டும் தராது என்று அவருடைய வக்கீல்களுக்குத் தெரிந்திருக்கும். ‘இந்து விதவை என்ற முறையில் என் கணவரின் சொந்தச் சொத்து என்னுடையது’ என்று கேட்டார். அன்றைய சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். கம்பெனி, இந்திய வழக்குகளுக்கு அன்றைய கடைசிக் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தது. 1859 தீர்ப்பு இந்தியச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிற தீர்ப்பு. சாராம்சம் இதுதான்: இது ஓர் அரசு இன்னோர் அரசின்மேல் செய்த ராஜ்யச் செயல், நியாயமா அநியாயமா என்று பார்ப்பது எங்கள் வேலை அல்ல, அநியாயமே நடந்திருந்தாலும் அதற்குப் பரிகாரம் தர எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. காமாட்சி பாய் தோற்றார். ஆனால் தோற்ற வழக்கே அரசாங்கத்துக்குக் கூச்சத்தை உண்டாக்கியதோ என்னவோ, 1862-இல் சொந்தச் சொத்தை ராணிகளிடமே திருப்பிக் கொடுத்தார்கள். பட்டம் மட்டும் திரும்பவில்லை.

ஆற்காட்டுக்கும் தஞ்சாவூருக்கும் வித்தியாசம் இங்கேதான் விழுகிறது என்பது என் கணிப்பு. ஆற்காட்டில் வயதான, பழக்கப்பட்ட, முன்பு நிர்வாகம் பார்த்த ஓர் ஆண் உயிரோடு இருந்தார்; பட்டத்தையே கேட்டார்; கோர்ட்டை விட்டு அரசியல் வழியில் போனார். தஞ்சாவூரில் பெண்கள் மட்டும் இருந்தார்கள், சொத்தைக் கேட்டார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். கேட்டவர்களுக்குக் கேட்டது கிடைத்தது. சொத்து பெரிதா பட்டம் பெரிதா என்றால், அன்றைய ராணிகளின் இடத்தில் நானாக இருந்தாலும் சொத்தைத்தான் கேட்டிருப்பேன்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இத்தனை பட்டங்களை முடித்து வைத்த கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி இரண்டு பெரிய பட்டங்கள் வைத்திருந்தார். ஒன்று அவருடைய முன்னோருக்கு 1633-இல் ஸ்காட்லாந்தில் கிடைத்த ‘ஏர்ல்’ பட்டம். இன்னொன்று பஞ்சாபைப் பிடித்ததற்காக 1849-இல் அவருக்கே கிடைத்த ‘மார்க்வஸ்’ பட்டம். ஏர்லைவிட ஒரு படி மேல். 1860 டிசம்பரில் அவர் இறந்தார். மகன் இல்லை. தஞ்சாவூர் சிவாஜியைப் போலவே இரண்டு மகள்கள். மார்க்வஸ் பட்டம் அவருடைய சொந்த ஆண் சந்ததிக்கு மட்டும் என்று எழுதப்பட்டது, ஆகவே அன்றைக்கே ஒழிந்தது. ஏர்ல் பட்டமோ முதல் ஏர்லின் ஆண் வழியில் யாருக்கும் போகலாம் என்ற கணக்கில் ஃபாக்ஸ் மால் என்ற தாயாதிக்குப் போனது. அந்த மால் ஏற்கெனவே பான்மியூர் பிரபு என்ற பட்டம் வைத்திருந்தவர். அவரும் 1874-இல் பிள்ளையில்லாமல் போனார். பான்மியூர் பட்டம் அவரோடு செத்தது. ஏர்ல் பட்டம் மறுபடி இன்னொரு தாயாதி வீட்டுக்கு நடந்தது. இன்றைக்கும் டல்ஹௌசி ஏர்ல் ஒருவர் இருக்கிறார்.

ஒரே ஆள், ஒரே மரணம், ஒரு பட்டம் செத்தது, ஒரு பட்டம் பிழைத்தது. காகிதத்து வாசகம்தான் வேறு. ஆற்காட்டுக் கதையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

நம் ஊரிலும் ஒரே மனிதரிடம் இரண்டு வகைப் பட்டமும் இருந்ததுண்டு. அண்ணாமலைச் செட்டியாருக்கு 1923-இல் கிடைத்த ‘சர்’ அவருடைய ஆயுளுக்கு மட்டும். 1929-இல் கிடைத்த ‘செட்டிநாடு ராஜா’ பரம்பரைக்கு. திவான் பகதூர், ராவ் பகதூர், ராவ் சாகிப் எல்லாம் முதல் வகை. ‘எங்கள் தாத்தா ராவ் பகதூர்’ என்று சொல்லிக்கொள்ளலாம், பட்டம் தாத்தாவோடு போய்விட்டது.

ஜமீன்கள் தனி வகை. அங்கே பட்டம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு போகும், ஆகவே கோர்ட் தலையிடலாம். ராமநாதபுரத்தில் சேதுபதி ஆண் பிள்ளை இல்லாமல் இறந்தபின் விதவை ராணி பர்வதவர்த்தனி தத்து எடுத்தார். கணவர் அனுமதி கொடுத்துவிட்டுச் சாகவில்லை, தத்து செல்லாது என்றார் மதுரை கலெக்டர். பங்காளிகள் சம்மதம் இருந்தால் தென்னாட்டு வழக்கப்படி விதவை தத்து எடுக்கலாம் என்று 1868-இல் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. ஏட்டில் எழுதிய சாஸ்திரத்தைவிட நிரூபிக்கப்பட்ட வழக்கம் பெரிது என்ற புகழ்பெற்ற வாசகம் அந்தத் தீர்ப்பில் வந்தது. சிவகங்கையில் கௌரி வல்லபர் 1829-இல் இறந்தபோது அண்ணன் பிள்ளைகள் ஜமீனை எடுத்துக்கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் போராடி 1863-இல் அதே பிரிவி கவுன்சிலில் ஜெயித்தார். சிவகங்கையில் மகள் ஜெயிக்கலாம், தஞ்சாவூரில் முடியாது. ஜமீன் என்றால் சொத்து வழக்கு, ராஜ்யம் என்றால் ராஜ்யச் செயல்.

புதுக்கோட்டையைப் பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். 1857-க்குப் பிறகு, டல்ஹௌசிக்கு அடுத்து வந்த கானிங் பிரபு சமஸ்தானங்களுக்கு ‘தத்து எடுக்கலாம்’ என்று சனது, அதாவது அரசாங்க உரிமைப் பத்திரம், கொடுத்தார். தொண்டைமானுக்கு 1862-இல் வந்தது. ராமச்சந்திரத் தொண்டைமானுக்கு ஆண் வாரிசு இல்லாததால் மூத்த மகளின் மூன்றாவது பையனை 1877-இல் தத்து எடுத்தார். ஒரு முணுமுணுப்பு இல்லை. தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். இடையில் இருபத்திரண்டு வருஷம். அங்கே மகளே வேண்டாம் என்றவர்கள் இங்கே மகள் வயிற்றுப் பேரனை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தப் பையன்தான் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். 1915-இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மறு வருஷம் மகன் பிறந்தான். பெற்ற மகன், சந்தேகமே இல்லாத ரத்தம். பிரிட்டிஷ் அரசு அவனை வாரிசாக ஏற்கவில்லை. 1928-இல் ராஜா பாரிஸில் இறந்தபோது பட்டம், குடும்பக் கிளையில் ஒன்றிலிருந்து எடுத்த ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமானுக்குப் போனது. தத்துப் பேரன் வரலாம், பெற்ற பிள்ளை வரக்கூடாது. மறுபடியும் அதே கதைதான்: யார் வாரிசு என்பதைக் கொடுக்கிறவர் முடிவு செய்தார்.

ராஜகோபாலத் தொண்டைமான் 1948 மார்ச்சில் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். மன்னர் மானியமும் அரசு அங்கீகாரமும் தொடர்ந்தன. 1971 டிசம்பரில் 26-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து அதையும் முடித்தது. ஒரே கையெழுத்தில் இந்தியா முழுக்க அத்தனை ராஜாக்களும் அங்கீகாரம் இழந்தார்கள். அவர் கல்யாணமே செய்துகொள்ளாமல் 1997-இல் காலமானார். அவருடைய அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ்.

அப்படியானால் ஆற்காடு இளவரசர் மட்டும் 1971-இல் எப்படித் தப்பினார்? திருத்தம் குறிவைத்தது ‘ஆள்பவர்கள்’ என்று அங்கீகரிக்கப்பட்டவர்களை, அதாவது சமஸ்தானம் வைத்திருந்து ஒப்படைத்தவர்களை. ஆற்காடு இளவரசரிடம் ஒப்படைக்க ஒரு சமஸ்தானமும் இல்லை. 1801-இல் நிர்வாகம் போய்விட்டது, 1855-இல் நவாப் பட்டமும் போய்விட்டது. 1867-இல் வந்தது வெறும் மரியாதையும் பென்ஷனும். அந்த அரசியல் பென்ஷன் பொறுப்பை 1947-க்குப் பிறகு இந்திய அரசு சுமந்தது; சுமந்துகொண்டேயிருக்கிறது. தமிழ்நாட்டில் அவருக்கு மாநில அமைச்சருக்குச் சமமான மரியாதை வரிசை உண்டு. பீரங்கி மரியாதையோடு கடைசிவரை சமஸ்தானம் வைத்திருந்த புதுக்கோட்டைக்குப் பட்டம் இல்லை. நூற்றெழுபது வருஷம் முன்பே எல்லாவற்றையும் இழந்த ஆற்காட்டுக்கு இருக்கிறது.

நண்பர் பின்னொட்டாக இன்னொன்றும் கேட்டிருந்தார்: தஞ்சாவூர் பெரிய கோயில் அழைப்பிதழ்களில் போன்ஸ்லே குடும்பத்தவரை ‘இளவரசர்’ என்று போடுகிறார்களே, அது என்ன கணக்கு? அது ஊர் வழக்கம், அரசுப் பட்டம் அல்ல. அதே அழைப்பிதழில் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும், ‘பரம்பரை அறங்காவலர், அரண்மனை தேவஸ்தானம்’ என்று. சட்டத்தில் நிற்பது அந்த வரிதான். பெரிய கோயில் உட்பட எண்பத்தெட்டுக் கோயில்களின் அறங்காவலர் பொறுப்பு அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. ராஜா பட்டம் 1856-இல் முடிந்தது, கோயில் பொறுப்பு குடும்பத்தில் நின்றது. அடுத்த முறை அழைப்பிதழ் கைக்கு வந்தால் பெரிய எழுத்தை விட்டுவிட்டு அந்தச் சின்ன எழுத்து வரியைப் படித்துப் பாருங்கள்.